மனம் ஒப்பாத பணி

வேலை கிடைப்பதே அரிதாயிருக்கும் காலத்தில், தேடி வந்த வேலையை ஒருவன் வேண்டாம் என்று சொன்னால் உலகம் அவனைப் பித்தன் என்றே எண்ணும். ஊதியம் நிறைவானது, சட்டத்திற்குப் புறம்பானது என்று எதையும் சுட்டிக்காட்டவும் இயலாது. ஆயினும் நியமனக் கடிதம் வந்த நாள் முதல் அவனுள் ஏதோ ஒன்று இசைய மறுக்கிறது. காரணம் கேட்பவர்களுக்கு, ‘மனம் ஒப்பவில்லை’ என்பதற்கு மேல் அவனிடம் விடை இல்லை. கடனும் முதுமையும் உள்ள வீட்டில் அது ஒரு விடையாகவே கொள்ளப்படுவதில்லை.

இந்த ஒப்பாமைக்கு அறத்தின் அவையில் ஏதேனும் இடம் உண்டா? அன்றி, அது பொருட்படுத்தத் தகாத வெறும் மனச்சலனம்தானா?

நான்காவது பிரமாணம்

இக்கேள்வி புதியதன்று. மனு ஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் தர்மத்தை அறியும் வழிகளாக நான்கினைக் கூறுகிறது. வேதம், ஸ்மிருதி, சான்றோர் ஒழுக்கம் ஆகிய மூன்றும் மனிதனுக்கு வெளியே உள்ளவை. நான்காவதாகிய ஆத்மதுஷ்டி, அதாவது உள்ளத்தின் நிறைவு, அவனுக்குள்ளேயே இருப்பது. அந்தராத்மாவுக்கு நிறைவளிக்கும் செயலை முயன்று செய்யவேண்டும், அதற்கு மாறானதை விலக்கவேண்டும் என்ற கருத்தை அந்நூலின் நான்காம் அத்தியாயமும் வலியுறுத்துகிறது.

ஆனால் இதற்கு உரை கண்டோர் எல்லை வகுக்கவும் தவறவில்லை. யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு ‘மிதாட்சரை’ என்னும் உரை எழுதிய விஞ்ஞானேசுவரர், இரண்டு வழிகளும் அனுமதிக்கப்பட்டுள்ள இடத்தில் மட்டுமே உள்ளத்தின் விருப்பம் பிரமாணமாகும் என்கிறார். திருடலாமா என்று ஒருவன் தன் மனத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த வேலையா, அந்த வேலையா என்பது போன்ற இடங்களில்தான் அது பேசலாம்.

மீமாம்சை அறிஞரான குமாரில பட்டர் வேறொரு கோணத்தில் இதனை அணுகுகிறார். எல்லோருடைய உள்ளமும் பிரமாணம் ஆகிவிடாது. உப்புச் சுரங்கத்தில் விழும் பொருள் உப்பாகவே மாறுவதுபோல, அறநெறியில் நீண்ட காலம் ஊறியவரின் உள்ளமே அறத்தின் வழி நிற்கும். இக்கருத்தின் மறுபக்கமும் எண்ணத்தக்கது. வசதியில் ஊறிய உள்ளத்திற்கு வசதிக் குறைவே அநீதியாகத் தோன்றும். புகழில் ஊறிய உள்ளத்திற்குச் சிறிய நாற்காலி அவமானமாகத் தோன்றும். எனவே, மனம் ஒப்பவில்லை என்று கூறுபவன், ‘எதில் ஊறிய மனம்?’ என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாட்சியை விசாரித்தல்

உள்ளத்தின் ஒப்பாமை ஒரு சாட்சி, நீதிபதி அன்று. சாட்சியை வாசலிலேயே தடுத்து நிறுத்துவது அநீதி. குறுக்கு விசாரணை இன்றி அப்படியே நம்பிவிடுவது பேதைமை.

அறத்தின் வேடத்தில் வந்து சாட்சி சொல்லக்கூடியவர் மூவர்: அச்சம், சோம்பல், செருக்கு. இவர்களை இனங்காண ஓர் எளிய வழி உண்டு. மறுக்க நினைக்கும் வேலையின் ஒரு நிபந்தனையை மட்டும் மனத்தளவில் மாற்றிப் பார்க்க வேண்டும். தக்க பயிற்சி அளிக்கப்படும் என்றதும் தயக்கம் தணிந்தால், பேசியது அச்சம். அதே வேலை வீட்டருகில், குறைந்த நேரத்திற்குக் கிடைத்தால் ஏற்கத்தக்கதாகத் தோன்றுமானால், பேசியது சோம்பலாக இருக்கலாம். பதவியின் பெயரை உயர்த்தியதும் தடை மறைந்தால், அது செருக்கு. ஊதியத்தை இரட்டிப்பாக்கியதும் மனம் ஒப்பிவிட்டால், அங்கு நடந்தது விலை பேசுதலேயன்றி அறவிசாரணை அன்று.

எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் ஒப்பாமை அப்படியே நின்றால், அது செயலையே சுட்டுகிறது. திருப்பிச் செலுத்த வழியில்லாதவர் என்று தெரிந்தும் ஒருவர் தலையில் கடனைக் கட்டுவதே மாத இலக்கு என்றால், மேசையும் நாற்காலியும் எத்துணைச் சிறந்தவையாயினும் அந்த இலக்கு மாறப்போவதில்லை. அப்போது அந்த இளைஞனிடம் ‘மனம் ஒப்பவில்லை’ என்பதைவிடத் தெளிவான விடை ஒன்று பிறக்கிறது. இன்ன செயல், இன்னாருக்கு, இன்ன தீங்கு என்று அவனால் சொல்ல முடிகிறது.

‘வேறொருவன் செய்வான்’

இவ்வளவு தெளிந்த பின்னும் வலிமையான வாதம் ஒன்று எஞ்சுகிறது. ‘நீ மறுத்தால் அந்த வேலை நின்றுவிடுமா? இரக்கமற்ற ஒருவன் வந்து இன்னும் கடுமையாகச் செய்வான். நீ செய்தால் தீங்காவது குறையுமே!’

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இவ்வாதத்தையே ஒரு கற்பனைக் கதையாக அமைத்தார். ஜார்ஜ் என்பவர் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், உடல்நலம் குன்றியவர், சிறு குழந்தைகளின் தந்தை. மனைவியின் உழைப்பில் குடும்பம் நடக்கிறது. இரசாயன, உயிரியல் போர்முறைகளை ஆராயும் கூடம் ஒன்றில் அவருக்கு நல்ல ஊதியத்தில் வேலை வருகிறது. அவர் மறுத்தால், அவ்வாராய்ச்சியை இன்னும் தீவிரமாகச் செய்யக்கூடிய ஒருவர் அவ்விடத்திற்கு வருவார். பயனை மட்டும் கணக்கிடுபவர்கள், ஜார்ஜ் ஏற்பதே சரி என்பர்.

அக்கணக்கு ஒன்றைத் தவறவிடுகிறது என்றார் வில்லியம்ஸ். உலகில் நிகழும் தீமைகளில் தான் செய்வது எது, பிறர் செய்வது எது என்ற வேறுபாடே இல்லையென்றால், ஒருவனுடைய வாழ்வு அவனுடையதாக இருப்பதற்கில்லை. உள்ளத்தின் ஒப்பாமையைத் தலைவலிபோல ஓர் அசௌகரியமாக மட்டும் கணக்கில் சேர்ப்பவன், தன் அற உணர்வையே தனக்கு அந்நியமாக்கிக் கொள்கிறான்.

கர்மக் கோட்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வேறொருவன் செய்வான் என்பது அவனுடைய வினை. அதனால் இவனுடைய வினை இவனை விட்டு நீங்குவதில்லை.

விலை கொடுப்பவர் யார்?

மறுப்பின் விலையை மறுப்பவன் மட்டுமே கொடுப்பதில்லை. தங்கையின் படிப்பும் தாயின் மருந்தும் அதில் அடங்கியிருக்கலாம். தன் தூய்மைக்காகப் பிறரைக் கேளாமலே பட்டினியிடுவது துறவு ஆகாது. ஆதலால் அவ்விலையில் பங்கு உடையவர்களிடம் காரணத்தை விளக்குவதும், அவர்கள் கூறுவதைப் பொறுமையுடன் கேட்பதும் மறுப்பவனின் கடமை. குடும்பக் கடமை மிகுந்து, சில காலம் அந்த வேலையை ஏற்க நேரிடுபவனும் உண்டு. அவனைப் பழிப்பதற்கில்லை. ஆனால் அவன் தன் ஒப்பாமையை உறங்க வைத்துவிடக் கூடாது. எதைச் செய்யமாட்டேன், எத்தனை காலம் இருப்பேன் என்ற வரம்பை அவன் தனக்குத்தானே வகுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்விசாரணைக்கு ஓர் உதாரணம் சுபாஷ் சந்திர போஸ். 1920-ல் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வில் அவர் நான்காம் இடம் பெற்றார். அந்நிய ஆட்சியின் ஊழியத்தில் அவர் மனம் ஒப்பவில்லை; அவருடைய தந்தைக்கோ அவர் விலகுவதில் உடன்பாடில்லை. மாதக்கணக்கில் தமையனார் சரத் சந்திரருக்குக் கடிதங்கள் எழுதி இருபக்க நியாயங்களையும் சீர்தூக்கினார். 1921 ஏப்ரல் 22 அன்றுதான் விலகல் கடிதம் எழுதினார். அதுவரை பெற்ற உதவித்தொகை 100 பவுனையும் திருப்பிச் செலுத்துவதாக அதில் குறிப்பிட்டார். மறுப்பிலும் கணக்கைத் தீர்த்துவைக்கும் நேர்மை அது.

அதே சிவில் சர்வீஸில் முந்திய தலைமுறையில் பணியாற்றியவர் ரமேஷ் சந்திர தத்தர். 1897-ல் ஓய்வு பெற்றபின், இந்தியாவின் வறுமைக்கு ஆங்கிலேயரின் நிலவரிக் கொள்கையும் காரணம் என்று அவர் விரிவான பொருளாதார வரலாறு எழுதினார். ஒருவர் ஏற்றார், மற்றவர் மறுத்தார். இருவரும் தேசத்திற்கே உழைத்தனர். எனவே, ஒரு பணியை மறுத்ததனால் அதை ஏற்றவரை இகழும் உரிமை எவருக்கும் வந்துவிடுவதில்லை.

மறுப்போடு கடமை முடிவதுமில்லை. ‘இப்பணிக்கு உரியவன் நான் அல்லன்’ என்று சொன்னவன், எப்பணிக்கு உரியவன் என்பதைத் தன் உழைப்பால் காட்ட வேண்டியவனாகிறான். வேண்டாம் என்று சொல்லிக் காத்துக்கொண்ட காலமும் ஆற்றலும் ஒரு நற்பணியில் செலவாகும்போதுதான், அன்று உள்ளம் சொன்ன சாட்சியம் மெய்யானது என்று உறுதிப்படுகிறது.