மறதி பிள்ளையின் குற்றமா?

"எத்தனை தரம் படிச்சனி? மண்டையிலை ஒண்டும் நிக்கேல்லையோ?"

பரீட்சைக் காலம் நெருங்கினால் அரியாலையில் பல வீட்டு விறாந்தைகளிலே கேட்கும் குரல் இது. கேட்கும் தாயின் நெஞ்சில் கவலை. தலை குனிந்திருக்கும் பிள்ளையின் நெஞ்சில் வெட்கம். படித்ததை மறப்பது குற்றமா? குற்றமாயின் அது யாருடைய குற்றம்?

முதலாவதாக, மறதி மனித இயல்பு. ஜேர்மன் அறிஞர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை மனனஞ் செய்து, தம்மையே சோதித்து, தாம் கண்டவற்றை 1885இல் நூலாக வெளியிட்டார். மனனஞ் செய்ததிற் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நழுவியது. அத்துடன், ஒரே மூச்சில் 68 தரம் ஓதிய பயனை, மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 தரம் ஓதியே அவர் பெற்றார். ஆகவே பரீட்சைக்கு முதல்நாள் இரவிரவாகக் கண்விழிக்கும் பிள்ளை சோம்பேறியல்ல. உழைப்பை வீணே கொட்டும் பிள்ளை.

இரண்டாவதாக, பார்ப்பது வேறு, நினைவுகூர்வது வேறு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் ஆய்வாளர் இருவர் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர் ஒரு பகுதியை இரண்டாந் தரமும் வாசித்தனர். இன்னொரு பகுதியை மூடிவைத்துவிட்டு, நினைவிலுள்ளதை எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் பார்த்தபோது, திரும்ப வாசித்ததில் 81 வீதமும் எழுதிப் பார்த்ததில் 75 வீதமும் நினைவிருந்தன. ஒரு வாரத்தின் பின்னரோ, வாசித்ததில் 42 வீதம்; எழுதிப் பார்த்ததில் 56 வீதம்! பலமுறை பார்த்த பக்கம் பழகிய முகம் போன்றது. கண்டால் தெரியும், பெயரைக் கேட்டால் வாயில் வராது.

இனி, நம் பிள்ளையின் நாளை எண்ணிப் பார்ப்போம். விடியவே ஒரு வகுப்பு, பின் பாடசாலை, மாலையில் கண்டி வீதியால் சைக்கிளில் பட்டணத்து ரியூசனுக்கு ஓட்டம், இரவில் குறிப்பெழுத்து. நாள் முழுவதும் பிறர் சொல்லக் கேட்கும் பிள்ளைக்கு, தானே நினைத்துப் பார்க்க நேரம் எங்கே? படித்தது மனதில் ஊன்றுவதற்குத் தூக்கமும் வேண்டும். அதையும் நாமே பறிக்கிறோம். நல்லெண்ணத்தோடு பறித்தாலும் பறிப்பு பறிப்புத்தான்.

பெற்றோரின் அச்சம் வெறும் அச்சமன்று என்பதை நாம் அறிவோம். சில புள்ளிகளாற் பல்கலைக்கழக வாசல் மூடப்படுவதைக் கண்ட சமூகம் இது. 1990க்குப் பின் மின்சாரமற்ற ஆண்டுகளிலே ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களில் பலர் இன்று பெற்றோர். தாம் பட்ட துன்பம் பிள்ளைக்கு வேண்டாம் என அவர்கள் நினைப்பது நியாயமே. ஆனால் துன்பத்தை நீக்கப் போய், பிள்ளைக்குரிய உழைப்பையும் சேர்த்து நீக்கிவிடலாகாது.

புனித தோமஸ் அக்குயினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே நினைவாற்றலை விவேகம் என்னும் புண்ணியத்தின் ஒரு கூறாக வைத்தார். அதை வளர்க்க நான்கு வழிகளையுஞ் சொன்னார்: சற்றுப் புதுமையான உவமையோடு பொருத்துதல்; ஒழுங்குபடுத்தல்; அக்கறையும் பற்றும் வைத்தல்; அடிக்கடி சிந்தித்தல். உவமையை ஆசிரியர் சொல்லித் தரலாம். ஒழுங்கையும் காட்டித் தரலாம். அக்கறையையும் சிந்தனையையும் யாரும் கடனாகக் கொடுக்க முடியாது.

அப்படியாயின் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. ரியூசனை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு வகுப்பையாவது குறைத்து, அந்த நேரத்தைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுங்கள். இரவுச் சாப்பாட்டின் பின் புத்தகத்தை மூடச் சொல்லி, "இண்டைக்கு என்ன படிச்சனி? எனக்குச் சொல்லு பாப்பம்" என்று கேளுங்கள். அம்மாவுக்கு இரசாயனம் தெரியாதே என்கிறீர்களா? அதுவே நல்லது, தெரியாதவருக்கு விளக்குகையில்தான் தனக்குத் தெரியாத இடம் பிள்ளைக்குத் தெரியவரும். மூன்று நாள் கழித்து அதையே மீண்டும் கேளுங்கள்.

இடையில் பிள்ளை தடுமாறி மௌனமாகும். அப்போது ஏசாதீர்கள், விடையை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். காத்திருங்கள். அந்த மௌனத்திலேதான் பிள்ளை உண்மையாகப் படிக்கிறது.