நாரில் குடியிருக்கும் தூய்மை

'தைமா' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. இசே பெருங்கோயில் ஆண்டுதோறும் வீடுகளுக்கு வழங்கும் காப்புச் சீட்டின் பெயர் 'ஜிங்கூ தைமா'. அதை வீட்டு மாடத்தில் வைத்து வணங்குகிறார்கள். அதே சொல் செய்தித்தாளில் வந்தால் கஞ்சா என்று பொருள். எழுத்தும் ஒன்று, செடியும் ஒன்று. தமிழில் சணல் என்றதும் கோணிப்பைதான் நினைவுக்கு வரும். அது வேறு செடி. இங்கே பேசப்படுவது கஞ்சா இனத்திலேயே நாருக்காக வளர்க்கப்படும் ஹெம்ப். ஜப்பானியர் அதை 'அசா' என்கிறார்கள். சன்னிதியில் தூய்மையின் அடையாளமாக இருக்கும் செடியே சட்டப் புத்தகத்தில் தடைப்பொருளாகவும் இருக்கிறது. அப்படியானால் தூய்மை எதில் இருக்கிறது? பொருளிலா, அதைக் கையாளும் முறையிலா?

ஜப்பானியரின் ஷிண்டோ நெறியில் 'கெகாரே' என்பது ஏறக்குறைய நம் தீட்டு. அது மனிதனின் உள்ளியல்பில் ஊறிய பாவம் அன்று. வாழ்கிற வாழ்க்கையில் தானாக வந்து படிவது. நீராலும் வழிபாட்டாலும் போகக்கூடியது. பூசகர் 'ஓநுசா' என்ற கோலை இடம், வலம், மீண்டும் இடம் என வீசுவார். கோலின் நுனியில் அசா நாரோ வெள்ளைத் தாளோ கொத்தாகத் தொங்கும். வந்தவரின் தீட்டை அந்த நார் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் என்பது நம்பிக்கை. ஆகவே அழுக்கே அண்டாதது என்பதால் அசா தூயது ஆகவில்லை. அழுக்கை வாங்கிக்கொள்வதால்தான் தூயது எனப்பட்டது. துடைக்கும் துணிக்குள்ள பெருமை அது.

இந்தப் பெருமை இந்தச் செடிக்கு ஏன் வந்தது என்பதற்குப் பழைய நூலிலேயே ஒரு தடம் கிடைக்கிறது. 807இல் இம்பே குலத்தைச் சேர்ந்த ஹிரோநாரி எழுதிய 'கோகோ ஷூய்' என்ற நூல், அவரது முன்னோர் அவா நாட்டுக்குப் போய் அசாவும் தாள்மரமும் பயிரிட்டதைச் சொல்கிறது. பிறகு நல்ல நிலம் தேடிக் கிழக்கே போனதையும் சொல்கிறது. அந்தக் குலத்தின் வேலை கோயில் வழிபாட்டுக்கான பொருள்களைச் செய்து தருவது. குலப்பெருமை பேச வந்தவர், பயிரிட்ட கதையைச் சொல்கிறார். பருத்தி பரவும் வரை, அதாவது பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகள் வரை, ஜப்பானியக் குடியானவர் உடுத்தியது பெரும்பாலும் அசாத் துணிதான். மீன்வலை, கொசுவலை, வில்லின் நாண், மரச்செருப்பின் வார், பாய்க்கு ஓடும் இழை எல்லாம் அந்த நாரே. விதை, ஏழு பொருள் கலந்த காரப்பொடியில் இன்றும் ஒன்று. நார் உரித்த தண்டைக் கரியாக்கினால் வாணவேடிக்கை மருந்துக்கு ஆகும். செடி நேராகவும் விரைவாகவும் வளர்வதால், பிள்ளையும் அப்படி வளரட்டும் என்று அசா இலைக் கோலம் போட்ட துணியைக் குழந்தைக்கு உடுத்துவார்கள். தான் உடுத்தியதை, தன் வயலில் விளைந்ததைத்தான் மனிதன் தெய்வத்துக்குக் கொடுத்தான். புனிதம் முதலில் வந்து பயன் பின்னால் வந்ததாகத் தெரியவில்லை. பயன்பட்டுப் பயன்பட்டே அது புனிதமாயிற்று.

அந்தப் பயன் சும்மா கிடைப்பதன்று. தொச்சிகி மாகாணத்தில் இளவேனிலில் விதைத்து ஜூலையில் வேரோடு பிடுங்குகிறார்கள். அதற்குள் செடி ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். வேரையும் இலையையும் கழித்து, தண்டுகளைக் கட்டாகக் கட்டி வெந்நீரில் முக்கி எடுத்து வெயிலில் காயவைப்பார்கள். பிறகு மறுபடி நனைத்து, மூடிப் போட்டுச் சில நாள் புளிக்கவிடுவார்கள். பதம் தப்பினால் நார் அழுகிவிடும். போதாவிட்டால் பட்டை உரியாது. உரித்த பட்டையைப் பலகையில் வைத்துச் சுரண்டச் சுரண்டப் பச்சையும் சளியும் போய், மெல்லிய பொன்னிற நாடா மிஞ்சும். சேற்று நாற்றமடிக்கும் தண்டிலிருந்து அந்தப் பளபளப்பு வருவதை ஆண்டுதோறும் பார்த்தவர்களுக்குத் தூய்மையாக்கல் என்பது தத்துவச் சொல்லாக இருந்திருக்க முடியாது. அது அவர்கள் கையறிந்த வேலை.

சட்டமோ தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வேறு இரண்டு விடைகளைத் தந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நேச நாடுகளின் ஆட்சியின்கீழ் 1948இல் வந்த கஞ்சாக் கட்டுப்பாட்டுச் சட்டம் செடியை உறுப்பு உறுப்பாகப் பிரித்தது: பூவும் இலையும் குற்றம், முற்றிய தண்டும் விதையும் குற்றமில்லை. பயிரிட மாகாண ஆளுநரின் உரிமம் வேண்டும். 1950களில் முப்பதாயிரத்துக்கும் மேல் இருந்த உரிமதாரர்கள் அண்மை ஆண்டுகளில் சில பத்துப் பேராகச் சுருங்கினர். சட்டத்தோடு சேர்ந்து செயற்கை நாரும் அவர்களை வயலிலிருந்து விரட்டியது. 2023 டிசம்பரில் திருத்தம் வந்தபோது அளவுகோல் மாறியது. எந்த உறுப்பு என்பதைவிட, போதை தரும் டிஎச்சி எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. போதைக்கு ஓர் அளவு வைப்பது நியாயமே, அதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் வேதியியல் அளந்து சொல்வது செடி தீங்கானதா என்பதை மட்டும்தான். தீங்கில்லாதது எல்லாம் தூயது ஆகிவிடாது.

இனி, கேள்வியின் கடினமான பகுதி. இன்று பல கோயில்களில் தொங்கும் மணிக்கயிறு சீனாவிலிருந்து வந்த நார், அல்லது நைலான். வழிபாடு குறைபட்டதா? குறைபடவில்லை என்பவர்களுக்கு இசேயே சாட்சி. அந்தக் கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புது மரத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாகக் கட்டியது 2013இல். மரம் வேறு, கோயில் அதேதான். ஆனால் அந்தச் சாட்சியே மறுபக்கமும் பேசும். பழைய மரம் போகலாம். வெட்டும் கையும் இழைக்கும் முறையும் போகக்கூடாது என்பதற்காகத்தானே இருபது ஆண்டுக் கணக்கு?

அரச சடங்கு இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. புதிய பேரரசர் அரியணை ஏறிய பின் ஒரே ஒருமுறை செய்யும் 'தைஜோசாய்' சடங்குக்கு 'அராதாயே' என்ற முரட்டு அசாத் துணி வேண்டும். அது பழைய அவாவான தொக்குஷிமாவில் விளைந்ததாக, இம்பே வழியினர் வளர்த்ததாக இருக்க வேண்டும். 2019 நவம்பரில் நடந்த சடங்குக்கும் அங்கே மலைச்சரிவில் உரிமம் பெற்று, வேலியிட்டுக் காவல் காத்துப் பயிரிட்டார்கள். கடையில் வாங்கிய நாரில் அந்த மண்ணும் அந்தக் கைகளும் இல்லை என்பதே அதன் உட்பொருள். அப்படிப் பார்த்தால் நைலான் கயிற்றின் குறை அது பொய்ப்பொருள் என்பதன்று. அதற்காக இந்தக் கோயிலைச் சுற்றி வாழும் எவரும் வியர்க்கவில்லை என்பதுதான்.

நார் உரித்தபின் எஞ்சும் வெள்ளைத் தண்டுக்கு 'ஓகரா' என்று பெயர். முன்னோரை வரவேற்கும் போன் பண்டிகையில் வெள்ளரிக்காயிலும் கத்திரிக்காயிலும் ஓகராத் துண்டுகளைக் கால்களாகச் செருகிக் குதிரையும் மாடும் செய்கிறார்கள். இறந்தவர்கள் குதிரையில் விரைந்து வரட்டும், மாட்டில் மெல்லத் திரும்பட்டும் என்று. பண்டிகையின் முதல் நாள் மாலை வாசலில் ஒரு மண் தட்டில் ஓகராவை அடுக்கிக் கொளுத்துவார்கள். உள்ளே வெறும் துளையான தண்டு என்பதால் சட்டென்று பற்றி, சிறிது நேரத்தில் சாம்பலாகிவிடும். அந்த வெளிச்சத்தில்தான் முன்னோர் வீடு கண்டு வருகிறார்கள்.