உரைகல்லுக்கு முன்

கையிலிருப்பது 1918-ஆம் ஆண்டுச் சவரன். குதிரைவீரன் நிற்கும் தரையில், ஆண்டுக்கு மேலே, 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து பொடியாகத் தெரிகிறது. பம்பாயில் அடித்தது. ராயல் மின்ட்டின் கிளை அங்கே சவரன் அடித்தது அந்த ஓர் ஆண்டுதான். அதே ஆண்டுக் கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்த பாரதி, செல்லம்மாவின் ஊரான இந்தக் கடையத்துக்கு வந்தார். பவுனுக்கும் அவருக்கும் அவ்வளவு பழக்கமில்லை. ஆண்டு மட்டும் ஒத்துப்போகிறது.

*

மஞ்சள் நிறம் சாட்சியாகாது. சட்டைப்பையில் கிடக்கும் ஐந்து ரூபாயும் மஞ்சள்தான். காந்தத்தில் ஒட்டினால் பொய் என்று தெரியும். ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. பித்தளையும் ஒட்டாதே.

*

பத்தர் கறுப்புக் கல்லில் ஓர் இழுப்பு இழுக்கிறார். பக்கத்தில் மாற்றுத் தெரிந்த தங்கத்தால் இன்னோர் இழுப்பு. மேலே ஒரு சொட்டுத் திராவகம். பித்தளைக் கோடு கரைந்து போகும். 22 காரட் கோடு நிற்கும். நல்ல முறைதான். ஆனாலும் கல் படிப்பது தோலை. தடித்த முலாம் தப்பிவிடும். நகைக்கடை எக்ஸ்ரே கருவியும் மயிரிழை ஆழத்தைத் தாண்டாது.

*

கனம் அப்படியல்ல. அது உள்வரைக்கும் காசு முழுவதும் சேர்ந்து சொல்லும் பதில். சவரனின் எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். மூன்றும் ஒருசேரப் பொருந்த வேண்டும். இதே அளவில் பித்தளை நான்கு கிராம்கூடத் தேறாது. ஈயம் ஐந்து கிராம் சொச்சம். எடையைக் கூட்டினால் காசு பருத்துக் காட்டிக்கொடுக்கும். தங்கத்துக்கு நிகரான கனம் டங்ஸ்டனுக்கு உண்டு, ஆனால் அது அச்சுக்கு வளையாத முரடு. பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவாக இருந்த காலத்தில் அதில் போலி அடித்து முலாம் பூசியவர்கள் இருந்தார்கள். 

*

புதையல் கிடைத்ததென்று வருகிறவன் ஒரு காசைக் கொடுத்து, எந்தப் பத்தரிடமும் காட்டிக்கொள்ளுங்கள் என்பான். அது அசல் தங்கமாகவே இருக்கும். சோதனையில் பிழையில்லை. சோதிக்காத மூட்டைதான் பொய். புதையல் நிஜமே ஆனாலும், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானதைக் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும்.

*

வீட்டில் பழைய பவுன் காசு இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உரைக்கவும் உடனே நீட்டாதீர்கள். முதலில் உங்கள் கண்ணெதிரே தராசில் வைக்கச் சொல்லுங்கள்.