காலம் கடந்தால் உரிமை மாயுமோ?

உரிமையுடையவன் நெடுங்காலம் வாய்மூடியிருந்தால், அவ்வுரிமை அவனை விட்டு நீங்கிவிடுமா? இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பியது கிதாபு ஒன்றன்று. ஐந்து சிறுவர்களின் பாட்டு. இசை பற்றி ஆலிம்களிடையே நிலவும் கருத்து வேற்றுமை ஈண்டு நமது பொருளன்று.

1950-களில் நியூயார்க் நகரின் தெருமுனைகளில் ஏழைச் சிறுவர்கள் வாத்தியமேதுமின்றிக் கூடிப் பாடினர். ஒருவன் பாட்டை நடத்த, ஏனையோர் பொருளற்ற அசைகளைப் பின்னணியாக ஒலிப்பர். அவ்வசைகளாலேயே அவ்விசை 'டூ-வாப்' எனப் பெயர் பெற்றது. அவ்வாறு பாடியவர்களே 'ஃபிராங்கி லைமனும் டீனேஜர்ஸும்' என்னும் குழுவினர். மூவர் கறுப்பர், இருவர் போர்ட்டோ ரிக்கோ வழியினர். 1956 ஜனவரியில் அவர்களுடைய 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' இசைத்தட்டு வெளிவந்தபோது லைமனுக்கு வயது 13. பிரிட்டனில் அது விற்பனையில் முதலிடத்தை எட்டியது. 1957-இல் லைமன் பிரிந்தான். குழுவின் புகழ் அவிந்தது. தனித்துப் பாடியும் அவன் உயரவில்லை. 1968 பிப்ரவரியில், 25 வயதில், ஹெராயின் அவன் உயிரைக் குடித்தது.

பாட்டோ சாகவில்லை. 1981-இல் டயானா ராஸ் அதைப் பாட, பணம் மீண்டும் பெருகிற்று. லைமனின் மனைவி நானே என மூன்று பெண்கள் மன்றம் ஏறினர்! ஆனால் பாட்டை ஆக்கியவர் யார்? பதிப்புரிமை ஏட்டில் லைமனுடன் இசைத்தட்டு முதலாளி ஜார்ஜ் கோல்ட்னரின் பெயரும், பின்னர் அவரிடத்தில் மாரிஸ் லெவியின் பெயரும் ஏறின. குழுவினரான ஹெர்மன் சான்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்டும், 'நாங்களே ஆக்கினோம். கேட்டபோது அச்சுறுத்தப்பட்டோம்' என 1987-இல் வழக்கிட்டனர். அவ்விருவரும் ஆக்கியோரே என 1992-இல் நடுவர்குழு கண்டது. 1996-இல் மேல்முறையீட்டு மன்றம் அதைத் தள்ளிற்று. அவர்கள் ஆக்கவில்லை என்று அம்மன்றம் சொல்லவில்லை. மூன்றாண்டுக் கெடு என்றோ கடந்துவிட்டது என்றே சொல்லிற்று.

கெடு வேண்டாம் என்போமா? அதுவும் நீதியாகாது. சாட்சிகள் இறப்பர், பத்திரங்கள் அழியும். வழக்குத் தொடுக்கும் முன்பே லைமனும் கோல்ட்னரும் மண்ணுக்குள் போய்விட்டனர். இறந்தவர் எழுந்து வந்து மறுமொழி கூற இயலுமா?

உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்டநூல் இச்சிக்கலை நுட்பமாகப் பிரித்தறிந்தது. கடன், சொத்து முதலிய வழக்குகளைத் தக்க காரணமின்றி 15 ஆண்டுகள் கடத்தியவனின் முறையீட்டைக் காஜி கேட்கலாகாது. ஆயினும் 1674-ஆம் விதி, காலம் கடப்பதால் ஹக்கு அழிவதில்லை என்கிறது. பிரதிவாதி தானே காஜியின் முன் ஒப்புக்கொண்டால் கெடு அவனைக் காவாது. வழக்காடுவோன் பருவமெய்தாதவனாக இருந்த காலமும், எதிரி வலியவனாக இருந்து அஞ்சிய காலமும் கணக்கில் சேரா. ஆக, கெடு காஜியின் செவியை அடைக்கிறதேயன்றி, பொருளை வைத்திருப்பவனின் கடனைத் தீர்ப்பதில்லை. பிறன் பொருளென அறிந்தும் கையில் வைத்திருப்பவன் ஆண்டுகளை எண்ணி எப்படி ஆறுதல் கொள்ள முடியும்?

லெவி 1988-இல் வேறொரு வழக்கில், மிரட்டிப் பணம் பறிக்கச் சதிசெய்த குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டு, 1990-இல் சிறைபுகுமுன் மாண்டார். 1996 தீர்ப்புக்குப் பின், பாட்டை ஆக்கியோராக நின்றவை லைமன், லெவி என்னும் இரு பெயர்களே.