மரப்பட்டையும் மனித ரத்தமும்

பாக்லிடாக்சல் மரத்தில் பிறந்த புற்றுநோய் மருந்து. 1962-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் தாவரவியலர் ஆர்தர் பார்க்லே பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து, 1971-ல் அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டவர்கள் மன்றோ வாலும் மன்சுக் வானியும். தண்ணீரில் கரையாத இந்த மருந்தை, ஆமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த கரைப்பானில் கலந்து உடலில் ஏற்றினார்கள். அந்தக் கரைப்பானோ பலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பியது. 'செடிகொடி மருந்து, பக்கவிளைவே கிடையாது' என்பவர்கள் கவனிக்க: இங்கே தொல்லை கொடுத்தது ஆமணக்கின் வாரிசு.

2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்ராக்ஸேன் என்ற புதுவகை பாக்லிடாக்சல் அந்தக் கரைப்பானைக் கைவிட்டது. மருந்தை அல்புமின் புரதத்தோடு பிணைத்து, சராசரியாக 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கினார்கள். அந்த அல்புமின் மனித ரத்தத்திலிருந்து எடுத்தது. ஒரு குப்பியில் மருந்து 100 மில்லிகிராம்; அல்புமின் ஏறக்குறைய 900. செவிலியர் 20 மில்லி உப்புநீரைக் குப்பியின் உட்சுவரோரமாக, நுரை எழும்பாதபடி மெல்ல இறக்குகிறார். ஐந்து நிமிடம் ஊறவிட்டு மெதுவாகச் சுழற்றினால் பால்போல வருகிறது. சிவப்பின் சாயல்கூட இல்லை.

இது ரத்தமா?

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையினருக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. (தேசிய கீதம் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட கேரளப் பிள்ளைகளுக்கு 1986-ல் உச்ச நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்ததே, அவர்கள் இந்தச் சபையினர்தான்.) ரத்தத்தை விலக்கச் சொல்லும் பைபிள் கட்டளை, ரத்தம் ஏற்றிக்கொள்வதற்கும் பொருந்தும் என்று 1945 முதல் இவர்கள் போதித்துவருகிறார்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா நான்கும் கூடாது. அவற்றிலிருந்து மேலும் பிரித்தெடுத்த அல்புமின் போன்றவற்றை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

பிளாஸ்மாப் புரதங்களில் பாதிக்கு மேல் அல்புமின்தான். மொத்தமாக வந்தால் விலக்கு, பிரித்துக் கொடுத்தால் விருப்பமா? நரம்பியல் மருத்துவர் ஒசாமு முரமோட்டோ போன்ற விமர்சகர்கள் இந்த முரணைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனாலும், கோடு தன்னிச்சையானது என்பதாலேயே நம்பிக்கை பொய்யாகிவிடாது. ரத்தத்தை எதுவரை பிரித்தால் அது ரத்தமாக இல்லாமல் போகும் என்பதற்கு வேதியியலிடமும் பதில் இல்லை. பெயர் வைப்பது மனிதர்கள்தான்.

மரபணு மாற்றிய ஈஸ்ட்டைக் கொண்டும் இன்று மனித அல்புமினைத் தயாரிக்கிறார்கள். அதே புரதம், யாருடைய ரத்தமும் எடுக்கப்படவில்லை. தடை பொருளின்மீது என்றால் இதுவும் ஆகாது. இன்னோர் உயிரின் ரத்தத்தை எடுத்துப் பயன்படுத்தும் செயலின்மீது என்றால் இது குற்றமற்றது. பின்னதே பொருத்தமாகப் படுகிறது: ரத்தம் உயிருக்கு நிகர் என்றுதானே அந்தக் கட்டளைக்குக் காரணம் சொல்கிறார்கள்!

எந்தப் பக்கம் சாய்வது என்பது நோயாளியின் முடிவு. மறுக்கிறவருக்குப் பழைய கரைப்பான் வகை பாக்லிடாக்சல் இன்னும் இருக்கிறது. அப்ராக்ஸேனில் மனித ரத்தத்தின் அல்புமின் இருப்பதை அதன் தகவல் தாளே சொல்கிறது. ரத்தம் ஏற்றுமுன் சம்மதம் கேட்கும் மருத்துவர்கள், இந்தக் குப்பியைத் திறக்குமுன் அந்த வரியையும் நோயாளிக்குப் படித்துக் காட்ட வேண்டும்.