கடல் தாண்டும் களவு

சம்பந்தர் இராமேச்சுரத்தில் நின்றவாறே நம் கோணமலையைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். புலவர் கடல் தாண்டவில்லை, பாட்டுத் தாண்டியது. சென்னையில் எடுத்த படங்களும் அவ்வாறே வந்து நம் திருகோணமலைக் கொட்டகைகளில் ஓடின. இன்று திருடனும் கடல் தாண்டாமலே கைபேசி வழியே ஏழையின் சேமிப்பைக் கவர்கிறான். துப்புத் துலக்கும் சட்டமோ கரையில் நின்றுவிடுகிறது! கணினிக் குற்றச் சட்டத்தை 2007இல் இயற்றிய இலங்கை, நாடுகள் சான்றுகளைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் 2015இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. தான் வகுக்காத விதிக்கு ஏன் உடன்படவேண்டும் என்னும் அதன் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், பணமிழந்த மீனவப் பெண்ணிடம் நாட்டின் இறைமையைப் பேச எனக்கு நாக்கூசுகிறது. அதற்காக, அயல்நாட்டுக் காவலர் நம் கடிதங்களைப் புரட்டவும் மனம் ஒப்புமா? நீதிமன்றத்தின் ஆணையின்றி எவருடைய பதிவும் எல்லை தாண்டலாகாது; ஆணை பிறந்தபின் ஒருநாளும் தாமதிக்கலாகாது என்பதே என் கட்சி.