முன்னறிவு என்னும் கடன்

மனித மனம் தொடக்கத்தில் எழுதப்படாத வெள்ளைத்தாள் போன்றது என்றார் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியலார் ஜான் லாக். அனுபவமே அதில் எழுதுகிறது என்பது அவர் கொள்கை. ஆயினும், எழுதத் தொடங்கிய தாள் மீண்டும் வெறுமையாவதில்லை. முன்பு எழுதப்பட்டது பின்பு எழுதப்படுவதற்குத் துணை செய்கிறது; சில வேளைகளில் தடையாகவும் நிற்கிறது. அப்படியானால், விரைந்து கற்பவனின் பெருமை யாருக்கு உரியது? தாமதமாய்க் கற்பவனின் குறை யாரைச் சாரும்? எலிகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வுகள் இவ்வினாவைத் தெளிவாக்குகின்றன.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியலார் எட்வர்டு டோல்மனும் ஹான்சிக்கும் 1930இல் தம் ஆய்வை வெளியிட்டனர். எலிகள் சிலவற்றை உணவேதும் வைக்காத புதிர்வழியில் 10 நாட்கள் உலவவிட்டனர். அவை எதையும் கற்றனவாகத் தோன்றவில்லை. 11ஆம் நாள் வழியின் முடிவில் உணவு வைக்கப்பட்டது. மறுநாளே அவை, முதல் நாளிலிருந்து உணவு பெற்றுவந்த எலிகளுக்கு இணையாக ஓடின. வீண் திரிதலெனத் தோன்றிய நாட்களில் அவற்றுள் ஒரு வரைபடம் உருவாகியிருந்தது.

எடின்பரோவில் ரிச்சர்டு மோரிசின் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. எந்தச் சுவைக்கு எந்த இடம் என 6 இணைகளை எலிகள் பல வாரங்கள் முயன்று கற்றன. அதன்பின் அதே களத்தில் தரப்பட்ட 2 புதிய இணைகளை ஒரே முறையில் கற்றுக்கொண்டன. இணைகள் ஓயாமல் மாற்றப்பட்டபோதோ அத்தகைய தேர்ச்சி வாய்க்கவில்லை. நிலையான அடித்தளமே விரைவைத் தந்தது.

எலி வேறு, மனிதர் வேறு. எனினும் இவ்வுண்மை நம்மையும் தொடுகிறது. நூல்களும் பெரியோர் உரையாடலும் நிறைந்த இல்லத்துப் பிள்ளை, பாடத்தை ஒருமுறை கேட்டதும் பற்றிக்கொள்கிறது. பெற்றோரின் பிழைப்புக்காக ஆண்டுதோறும் ஊர் மாறும் பிள்ளை திகைத்து நிற்கிறது. முயற்சி அவரவருடையது என்பது மெய்யே. ஆனால் முயற்சி காலூன்றும் தளம் பிறர் இட்டது. அதைப் பெற்றவர் செருக்குவதற்கில்லை. பெறாதவரை மந்தம் எனல் நீதியன்று. அவருக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியதைத் தராமல் விட்டவர் யார் என்று கேட்பதே நீதி.

முன்னறிவுக்கு மறுபக்கமும் உண்டு. நீர்த்தொட்டியில் மறைந்துள்ள மேடையின் இடத்தை நன்கு கற்ற எலி, மேடையை வேறிடத்துக்கு மாற்றிய பின்னும் முதலில் பழைய இடத்தையே சுற்றிவரும். ‘இவன் தேறமாட்டான்’ என்று முன்பே முடிவுகட்டிவிட்ட நாமும் அவ்வாறே சுற்றுகிறோம். அப்பிள்ளை வளர்ந்து வேறிடம் சேர்ந்திருக்கலாம். நாமோ அவனைப் பழைய இடத்திலேயே தேடுகிறோம். பலமுறை தேடிக் காணாத எலி தன் வழியை மாற்றிக்கொள்கிறது. நாமும் மாற்றிக்கொள்ள வேண்டாமா?